அத்தியாயம் 6: முதல் பத்து மீட்டர்

ரக்பி ஆடும் பிள்ளைகளுக்கு வேகம் வர வேண்டுமா? அப்படியானால் திடலைப் பத்துச் சுற்று ஓடவிடும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். சுற்றோட்டம் மூச்சை வளர்க்கும், காலைப் பழக்கும், மன உறுதியும் தரும். வேகத்தை மட்டும் அது தராது. களைப்பு வேறு, வேகம் வேறு. இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு பேச்சைச் சுற்றித்தான் நடக்கும்.

புக்கிட் ரம்பாய் பக்கம் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளையும், அவர்களுக்கு மாலையில் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களையும், அண்ணன் அக்காமார்களையும், பெற்றோரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நம் வட்டாரத்துக்கு ரக்பி புதிதல்ல. பக்கத்தில் சுங்கை ஊடாங்கில் இருக்கும் தெரெண்டாக் முகாமில் 1960-களில் காமன்வெல்த் படையணி தங்கியிருந்தது. அதில் நியூசிலாந்துப் படைவீரர்களும் இருந்தார்கள். அவர்கள் போன இடமெல்லாம் ரக்பிப் பந்தும் கூடவே போகும். பத்துப் பேர் ஆடும் ரக்பி வடிவம் பிறந்ததும் நம் நாட்டில்தான். 1967-இல் பெட்டாலிங் ஜெயாவின் கோப்ரா மன்றம் தொடங்கிய போட்டியிலிருந்து அது உலகம் முழுக்கப் பரவியது. எழுவர் ரக்பி 2016 ரியோ ஒலிம்பிக்கில் இடம் பிடித்தது. 2017-இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் எழுவர் ரக்பி ஆண்கள் தங்கத்தை மலேசியா வென்றது.

வேகத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் தொடரோட்டம் என மூன்று தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டு நின்றது. 2017-இல் அதை முறியடித்தவர் நம் மலாக்காக்காரரான கைருல் ஹாபிஸ் ஜந்தான். அவரே 2016 சரவாக் சுக்மா விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டரை 10.18 விநாடியில் ஓடி, 18 ஆண்டுப் பழைய தேசியச் சாதனையையும் மாற்றி எழுதினார். மலாக்கா மண்ணில் வேகத்துக்குக் குறைவில்லை. அதை ரக்பிக்கு ஏற்றபடி முறையாக வளர்ப்பதுதான் நம் வேலை.

1. ரக்பியில் வேகம் என்றால் எது?

உசைன் போல்ட் 2009-இல் உலகச் சாதனை படைத்தபோது தன் உச்ச வேகத்தை 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் இடையில்தான் எட்டினார். ரக்பியில் ஒருவருக்கு 60 மீட்டர் வெட்டவெளி எத்தனை முறை கிடைக்கும்? ஆட்டத்தில் வரும் விரைவோட்டங்களில் பெரும்பாலானவை 10 முதல் 20 மீட்டருக்குள் முடிந்துவிடும், இரண்டு மூன்று விநாடிக் கதை அது. வெடியோசை கேட்டுத் தொடக்கப் பலகையிலிருந்து பாய்வதும் இல்லை. நடந்துகொண்டிருக்கும்போது, மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கவாட்டில் நகரும்போது, தரையில் விழுந்து எழும்போது என எந்த நிலையிலிருந்தும் பாய வேண்டியிருக்கும்.

ஆகவே நமக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது, முடுக்கம். நின்ற இடத்திலிருந்தோ மெதுநடையிலிருந்தோ முதல் பத்து மீட்டரில் கிளம்பும் வேகம் இது. எல்லா ஆட்டக்காரருக்கும் வேண்டும். முன்வரிசையில் முட்டித் தள்ளும் ஆளுக்கும் இது இல்லாமல் முடியாது.

இரண்டாவது, உச்ச வேகம். 30, 40 மீட்டர் வெளி கிடைத்தால் பின்னால் வருபவன் பிடிக்க முடியாதபடி ஓடுவது. ஓரத்து ஆட்டக்காரருக்கும் கடைசிக் காவலருக்கும் இது முக்கியம். எழுவர் ரக்பியில் ஏழு பேர்தான் முழுத் திடலையும் காக்க வேண்டும் என்பதால் அங்கே அனைவருக்கும் வேண்டும்.

மூன்றாவது, உந்தம். எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது. 95 கிலோ ஆள் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்தால் கணக்கு 570. 70 கிலோ பையன் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்தால் 560. ஏறக்குறைய ஒன்றுதான். “எம் பையன் ஒல்லி, ரக்பி அவனுக்கு ஒத்துவராது” என்று சொல்லும் பெற்றோரிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.

தடகளத்திலிருந்து வந்து ரக்பியில் பேர் எடுத்தவர்கள் உண்டு. வேல்ஸ் நாட்டின் கென் ஜோன்ஸ் 1948 லண்டன் ஒலிம்பிக் தொடரோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். வேல்ஸ் ரக்பி அணியின் ஓரத்து ஆட்டக்காரராகவும் பல்லாண்டு ஆடினார். அமெரிக்காவின் கார்லின் ஐல்ஸ் விரைவோட்டக்காரராக இருந்து 2012-இல் எழுவர் ரக்பிக்கு வந்தார். ஆனால் நேர்க்கோட்டில் ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது. பந்தோடு ஓட வேண்டும், திரும்ப வேண்டும், நிற்க வேண்டும், பத்து முறை ஓடிய பிறகும் பதினோராவது முறை பாய வேண்டும். அதையெல்லாம் கீழே வரிசையாகப் பார்ப்போம்.

2. முதலில் அளந்து பாருங்கள்

அளக்காத வேகம் வளர்ந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ரக்பித் திடல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். காற்பந்துத் திடலின் கோடுகளே போதும். முறைப்படி போட்ட திடலில் கோல் கோட்டிலிருந்து பெனால்டி புள்ளி 11 மீட்டர். கோல் கோட்டிலிருந்து பெனால்டி கட்டத்தின் முன்கோடு 16.5 மீட்டர். அந்த முன்கோட்டின் நீளம், ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை, 40.3 மீட்டர். 40 மீட்டர் ஓடிப் பார்க்க இதைவிட வசதியான கோடு கிடைக்காது. ஊர்த்திடல்களில் கோடுகள் கொஞ்சம் முன்பின் இருக்கும். அதனால் இரும்புச் சாமான் கடையில் ஓர் அளவுநாடா வாங்கி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் பார்க்கும் கடிகாரத்தைக் கையில் வைத்து 10 மீட்டரை அளக்காதீர்கள். விரல் அழுத்தும் தாமதமே சில நேரம் 0.2 விநாடி வரும். அத்தனை குறுகிய ஓட்டத்தில் அது பெரும் பிழை. கைப்பேசியின் மெதுவசைவுப் படப்பதிவு நல்ல வழி. விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறக்குறைய 0.004 விநாடிதான்.

செய்யும் முறை:

1. பத்து மீட்டர் அளந்து இரு முனையிலும் கூம்பு வையுங்கள். ஓடுபவர் கூம்புகளை ஒட்டியே ஓட வேண்டும்.
2. பாதையின் நடுப்புள்ளிக்கு நேராக 15 மீட்டர் தள்ளிக் கைப்பேசியை அசையாமல் நிறுத்துங்கள். இரு கூம்பும் படத்துக்குள் தெரிய வேண்டும்.
3. பின்கால் தரையை விட்டுக் கிளம்பும் படத்திலிருந்து, இடுப்பு இரண்டாவது கூம்பைத் தாண்டும் படம் வரை எண்ணுங்கள். 240-ஆல் வகுத்தால் விநாடி கிடைக்கும்.
4. ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. இடையில் முழு ஓய்வு. சிறந்த ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.
5. அடுத்த முறையும் அதே திடல், அதே காலணி, அதே தொடக்க நிலை. ஈரத்தரையில் ஓடிய எண்ணைக் காய்ந்த தரையில் ஓடியதோடு ஒப்பிட வேண்டாம்.

எட்டு வாரத்தில் 10 மீட்டரில் 0.1 விநாடி குறைந்தால் அது பெரிய வெற்றி. பத்தாவது மீட்டரை எட்டும்போது ஆள் விநாடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில் இருப்பார். அந்த வேகத்தில் 0.1 விநாடி என்பது ஏறத்தாழ 65 சென்டிமீட்டர், ஒரு கை நீளம். நீட்டிய கை இடுப்பைப் பிடிப்பதும், காற்றைப் பிடிப்பதும் அந்த ஒரு கை நீளத்தில்தான் இருக்கிறது.

3. முதல் மூன்று அடி

ஒரு பையன் கிளம்பும் முதல் மூன்று அடியைப் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: கிளம்பின உடனே தலை நிமிர்ந்துவிடும், நெஞ்சு நேராகிவிடும். முதல் அடியை எட்டி முன்னால் வைப்பான். பாதம் இடுப்புக்கு முன்னால் போய் விழும். அப்படி விழுந்த பாதம் பிரேக் மாதிரி. அவன் தன்னையே நிறுத்திக்கொண்டு ஓடுகிறான்.

சரியான முதல் அடி வேறு மாதிரி. உடல் தலையிலிருந்து குதிகால் வரை ஒரே சாய்கோடாக முன்னால் சாய்ந்திருக்கும். இடுப்பை மட்டும் மடக்கிக் குனிவது சாய்வு ஆகாது. பாதம் இடுப்புக்குக் கீழேயோ சற்றுப் பின்னாலோ தரையைத் தொடும். தொட்டதும் தரையைப் பின்னுக்குத் தள்ளும். பழுதான காரைப் பின்னாலிருந்து தள்ளும்போது கால் எப்படி வேலை செய்கிறதோ, அதே வேலை. கை தோளிலிருந்து பெரிதாக வீச வேண்டும். முழங்கை பின்னால் போகும்போது கை இடுப்பைத் தாண்ட வேண்டும்.

பயிற்சியாளர் ஒரே நேரத்தில் ஐந்து திருத்தம் சொன்னால் பிள்ளை குழம்பிப் போவான். ஒரு நாளைக்கு ஒரே சொல் போதும். “தரையைத் தள்ளு.” அவ்வளவுதான். அடுத்த வாரம், “முழங்கையைப் பின்னால் அடி.” வேகமாக ஓடுபவர் காலைக் காற்றில் அதிவேகமாக மாற்றுவதால்தான் வேகமாக ஓடுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். தரையை அதிக விசையோடு, குறைந்த நேரத்தில் அடிப்பதுதான் முக்கிய வேறுபாடு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உச்ச வேகத்தில் பாதம் தரையில் இருப்பது விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். அந்த நொடிக்குள் கொடுக்கும் விசைதான் வேகம்.

கிளம்பும் நிலையை மாற்றி மாற்றிப் பழக்குங்கள்: நின்று, ஒரு முழங்காலில் அமர்ந்து, குப்புறப் படுத்து எழுந்து, பக்கவாட்டில் மூன்று எட்டு நகர்ந்து, மெதுவாக ஓடி வந்து. ஆட்டத்தில் வருவது இவைதான்.

4. நிமிர்ந்து ஓடும் வேகம்

இருபது மீட்டருக்கு மேல் உடல் தானாக நிமிரும், நிமிர வேண்டும். இங்கே தள்ளுவதை விட்டு, மேலிருந்து தரையை அடிக்கப் பழக வேண்டும். முழங்கால் உயரட்டும், பாதம் இடுப்புக்கு நேர்கீழே இறங்கட்டும், முகமும் தோளும் தளர்ந்திருக்கட்டும். பல்லைக் கடித்து ஓடுபவர் கழுத்தையும் தோளையும் இறுக்கிக்கொள்கிறார்.

இதற்குச் சிறந்த பயிற்சி பறக்கும் ஓட்டம். முதல் 20 மீட்டரில் படிப்படியாக வேகம் ஏற்றுங்கள். அடுத்த 10 மீட்டர் முழு வேகம். பிறகு மெல்லத் தளர்ந்து நிற்க 20 மீட்டர் வெளி வேண்டும். திடீரென நிற்கக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை போதும்.

5. ஓய்வுதான் பயிற்சியின் பாதி

ஒரு மாலை, எட்டுக் குறு ஓட்டங்கள் முடிந்ததும் ஒரு பையன் என்னிடம் கேட்டான். “இவ்வளவுதானா சார்? மூச்சே வாங்கலயே, இன்னும் ஓடலாம்லா.”

“வாங்கக் கூடாது தம்பி. எட்டாவது ஓட்டம் முதல் ஓட்டம் மாதிரியே வந்துச்சா?”

“வந்துச்சு சார்.”

“அப்ப இன்னிக்கு வேலை முடிஞ்சது.”

அவன் பாதி மனத்தோடு போனான். ஆனால் கணக்கு இதுதான். முழு வேகத்தில் ஓட உடல் தசைக்குள் இருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பைச் செலவழிக்கிறது. சில விநாடிகளுக்கே அது தாங்கும். பாதி திரும்ப அரை நிமிடம் ஆகும். ஏறக்குறைய முழுதும் திரும்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அந்தச் சேமிப்பு நிரம்புமுன் மறுபடி ஓடவிட்டால் பிள்ளை மெதுவாகத்தான் ஓடுவான். மெதுவாக ஓடி ஓடி மெதுவாக ஓடவே பழகுவான்.

எளிய விதி: ஓடும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு. 10 மீட்டருக்கு ஒரு நிமிடம், 20 மீட்டருக்கு இரண்டு, 40 மீட்டருக்கு நான்கு. அந்த நேரத்தில் நடக்கட்டும், பந்தைக் கைமாற்றிப் பழகட்டும், படத்தைப் பார்க்கட்டும். உட்கார்ந்து உடலை ஆறவிட வேண்டாம். ஒரு வேகப் பயிற்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் 48 மணி நேரம் விடுங்கள். ஓட்டம் கண்ணுக்குத் தெரியக் குறைந்துவிட்டால், பட்டியலில் இன்னும் இரண்டு மிச்சமிருந்தாலும் அன்றைக்கு முடித்துவிடுங்கள்.

ஆட்டத்தில் இப்படி ஓய்வு கிடைக்குமா என்று கேட்பீர்கள். கிடைக்காது. களைப்பிலும் ஓடும் திறனுக்குத் தனிப் பயிற்சி உண்டு. அதைத் தனி நாளில், தனிப் பெயரில் செய்யுங்கள். வேகத்தை முதலில் வளர்க்க வேண்டும், பிறகுதான் அதை நீட்டிக்க முடியும். இல்லாத வேகத்தை எப்படி நீட்டிப்பது?

6. டயரும் மேடும்

விலை உயர்ந்த இழுவண்டி வேண்டாம். டயர் கடையில் கேட்டால் பழைய கார் டயர் கிடைக்கும். சக்கரத் தகடு இல்லாத சாதாரணக் கார் டயர் எட்டு முதல் பத்துக் கிலோ இருக்கும். நாலைந்து மீட்டர் கயிற்றில் கட்டி, மறுமுனையை அகலமான இடுப்புப் பட்டையில் மாட்டுங்கள். கயிறு குட்டையாக இருந்தால் டயர் துள்ளும், இடுப்பை மேல்நோக்கி இழுக்கும். வெறும் கயிற்றை வயிற்றில் சுற்ற வேண்டாம், சதையை அறுக்கும்.

10 மீட்டர் நேரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுகிற அளவு பாரம் புதியவருக்கு ஏற்றது. உடல் சாய்வு தானாகவே சரியாகும். இரண்டு மூன்று ஆண்டு பழகிய பெரியவர்கள் இதைவிடப் பாரமாக இழுக்கலாம். காய்ந்த புல், ஈரப் புல், மண் எனத் தரைக்குத் தரை இழுவை மாறும். டயரின் எடையை நம்பாதீர்கள், நேரத்தைப் பாருங்கள். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் டயரில்லாமல் ஒரு 10 மீட்டர் ஓடவிடுங்கள். அந்தத் தள்ளும் உணர்வு காலில் ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊர்ப் பெயரில் இருக்கும் ‘புக்கிட்’ என்பதே மேடுதான். லேசான ஏற்றத்தில் 15, 20 மீட்டர் பாய்வது முடுக்கத்துக்கு நல்லது. நூறு மீட்டருக்கு ஐந்து முதல் எட்டு மீட்டர் உயரும் சாய்வு போதும். செங்குத்து மேட்டில் ஓட்டம் நடையாகிவிடும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுவதாக இருந்தால் சரளைக் கல்லையும் லாரி வரும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது நடந்தே இறங்குங்கள்.

7. பந்தோடு ஓடுவது, நிற்பது, திரும்புவது

பந்தை இரு கையிலும் பிடித்தால் கை வீச்சு போய்விடும், வேகம் சற்றுக் குறையும். ஒரு கையில் இடுக்கினால் குறைவு மிகச் சிறிது. ஆனால் இரு கையிலும் பந்து இருக்கும்போதுதான் இடப்பக்கமா வலப்பக்கமா கொடுக்கப்போகிறான் என்று எதிராளி தடுமாறுவான். விதி எளிது: முன்னால் ஆள் இருந்தால் இரு கை, வெட்டவெளி கிடைத்தால் எதிராளிக்கு அப்பால் இருக்கும் கையில் இடுக்கிக்கொண்டு பாய்ச்சல். மூன்றாவது வாரத்திலிருந்து சில ஓட்டங்களைப் பந்தோடு செய்யுங்கள். பந்து வயதுக்கு ஏற்றதாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு 5-ஆம் அளவு, பத்து வயதைத் தாண்டிய சிறுவர்களுக்கு 4-ஆம் அளவு.

நிற்கப் பழக்காமல் ஓடப் பழக்குவது ஆபத்து. முழங்கால் காயங்கள் பல, வேகத்திலிருந்து நிற்கும்போதும் திரும்பும்போதும் நேர்கின்றன. 10 மீட்டர் ஓடி ஒரு கோட்டுக்குள் நிற்கச் சொல்லுங்கள். எட்டுகள் குறுக வேண்டும், இடுப்பு தாழ வேண்டும், நெஞ்சு முன்னால் கவிழக் கூடாது, முழங்கால் உட்புறமாக மடியக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார்க் காயம் ஆண்களைவிட அதிகம் வருவது தெரிந்த செய்தி. அதனால் அவர்களை ஒதுக்காதீர்கள். நிற்பதையும் குதித்து இறங்குவதையும் இன்னும் கவனமாகச் சொல்லிக்கொடுங்கள்.

8. எட்டு வார அட்டவணை

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும். சனிக்கிழமை ஆட்டம் அல்லது பந்துப் பயிற்சி. 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அதற்குக் குறைந்தவர்களுக்கு இதில் பாதி, அதுவும் துரத்திப் பிடிக்கும் விளையாட்டாக.

வாரம் 1, 2: முதல் நாள் அளவெடுப்பு. 10 மீட்டர் 6 முறை, 20 மீட்டர் 2 முறை. மொத்தம் 100 மீட்டர். பந்து வேண்டாம். நிற்கும் பயிற்சி 4 முறை.

வாரம் 3, 4: 10 மீட்டர் 4 முறை, வெவ்வேறு தொடக்க நிலையில். டயரோடு 10 மீட்டர் 4 முறை. 20 மீட்டர் 3 முறை, பந்தோடு. மொத்தம் 140 மீட்டர்.

வாரம் 5, 6: 10 மீட்டர் 4 முறை. 20 மீட்டர் 4 முறை, இரண்டு பந்தோடு. பறக்கும் ஓட்டம் (20 ஏற்றம், 10 முழு வேகம்) 3 முறை. மொத்தம் 210 மீட்டர்.

வாரம் 7: துரத்தல் ஓட்டம். பந்து வைத்திருப்பவர் இரண்டு மீட்டர் முன்னால், துரத்துபவர் பின்னால். 20 மீட்டர் 6 முறை, ஆள் மாற்றி. பறக்கும் ஓட்டம் 3 முறை. போட்டி இருந்தால்தான் முழு வேகம் வெளியே வரும்.

வாரம் 8: பாதியாகக் குறையுங்கள். கடைசி நாள் மறுபடி அளவெடுப்பு.

வாரம் இரண்டு முறை வலுப் பயிற்சியும் வேண்டும். வேகப் பயிற்சிக்குப் பிறகு செய்யலாம், முன்னால் வேண்டாம். இடுப்பைத் தாழ்த்தி உட்கார்ந்து எழுதல், ஒரு கால் முன்வைத்து இறங்கி எழுதல், குதிகால் உயர்த்தல், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டல், தண்டால். பளு தூக்குவதானால் முறை தெரிந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

9. தொடையின் பின்தசை

வேகமாக ஓடுபவருக்கு முதலில் கிழிவது தொடையின் பின்தசை. அதைக் காக்க நிரூபிக்கப்பட்ட பயிற்சி ஒன்று உண்டு. முழங்காலிட்டு நில்லுங்கள். பின்னால் ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்கட்டும். முதுகும் இடுப்பும் ஒரே கோடாக இருக்க, முன்னால் மிக மெதுவாகச் சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றித் தரையில் விழலாம். இதை நோர்டிக் பயிற்சி என்பார்கள். ஒழுங்காகச் செய்யும் அணிகளில் பின்தசைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. முதல் வாரம் ஒரு நாளைக்கு ஐந்து போதும், பிறகு மெல்லக் கூட்டுங்கள். முதல் சில நாள் தசை நன்றாக வலிக்கும். ஆட்டத்துக்கு முந்தின நாள் தொடங்காதீர்கள்.

சூடேற்றத்துக்கு உலக ரக்பி அமைப்பு பரப்பிவரும் ‘ஆக்டிவேட்’ திட்டத்தைப் பின்பற்றலாம். இங்கிலாந்து ரக்பி அமைப்பும் பாத் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. சமநிலை, திரும்பல், குதித்தல், கழுத்து வலு ஆகிய பயிற்சிகள் இருபது நிமிடத்துக்குள் முடியும். வாரம் மூன்று முறை செய்த பள்ளி அணிகளில் காயங்கள் பெரிதும் குறைந்தன.

தொடையில் ‘சுளீர்’ என்று இழுத்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. “கொஞ்சம் நீவிவிட்டா சரியாயிடும்” என்று மறுபடி ஓடவிடுவதுதான் ஒரு வார வலியை இரண்டு மாத வலியாக்கும்.

10. வெயில், இடி, புகைமூட்டம், சாப்பாடு

மலாக்காவில் மதிய வெயில் 32, 33 டிகிரியைத் தொடும், காற்றில் ஈரப்பதமும் அதிகம். வேகப் பயிற்சியை மாலை ஐந்தரைக்கு மேல் வையுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் ஓய்வுதோறும் இரண்டு மடக்குத் தண்ணீர் குடிக்கட்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு நீர் போனது என்று தெரியும். ஒரு பிள்ளை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து, 999-ஐ அழையுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் திடலைக் காலி செய்யுங்கள். மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியில் ஓடவிட வேண்டாம்.

பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன் இட்லியோ ரொட்டியோ வாழைப்பழமோ போதும். நாசி லெமாக் பயிற்சிக்குப் பின் இருக்கட்டும், எண்ணெயும் தேங்காய்ப்பாலும் வயிற்றில் கனக்கும். பயிற்சி முடிந்ததும் முட்டை, கோழி, பருப்பு, மீன் ஏதாவது ஒன்றும் சோறும் சாப்பிட வேண்டும். குழுவில் மலாய்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். நோன்பு மாதத்தில் பயிற்சியைக் குறைத்து, நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன் முடியும்படி வையுங்கள். அணி என்றால் எல்லாரையும் சேர்த்துத்தான்.

பெற்றோருக்கும் பயிற்சியாளருக்கும் ஒரு வேண்டுகோள்

நம் பிள்ளைகள் தோட்டப்புறத் திடல்களில் ஓடி வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள். பள்ளி விளையாட்டு நாளில் முதலாவதாக வந்து, கோப்பையை அலமாரியில் வைத்து, அதோடு ஓட்டத்தை மறந்துபோன எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் திறமை குறைவாக இருக்கவில்லை. அளந்து, எழுதி, ஓய்வு கொடுத்து, அடுத்த படிக்கு ஏற்றிவிட ஒரு பெரியவர் பக்கத்தில் இல்லை. எஸ்.பி.எம். படிக்கும் பிள்ளைக்கும் வாரத்தில் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். இந்தப் பயிற்சிக்கு அதற்கு மேல் தேவையில்லை.

நாளை மாலை அளவுநாடாவும் நான்கு கூம்பும் ஒரு கைப்பேசியும் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போங்கள். பத்து மீட்டர் அளந்து, பிள்ளையை மூன்று முறை ஓடவிட்டு, சிறந்த நேரத்தை ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். எட்டு வாரம் கழித்து அதே பக்கத்தில் அதன் கீழே இரண்டாவது எண்ணை எழுதுங்கள்.